மசோதாவுக்கு முன்னால் ஒரு ஓட்டு

2025 ஜூலை 3. வாஷிங்டனில் விடிகாலை மூன்றேகால் தாண்டியிருந்தது, நமக்கு மதியச் சாப்பாட்டு வேளை. தட்டுக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டிரம்ப் 'பெரிய அழகிய மசோதா' என்று பெயர் வைத்திருந்தாரே, அந்த வரி, செலவு மசோதா. 219–213 என்று முடிவு வந்ததும் எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த நண்பர், "அப்போ சட்டம் பாஸாயிடுச்சா?" என்றார். இல்லை. மசோதாவை எடுத்து விவாதிக்கலாம் என்பதற்கான அனுமதிதான் பாஸாகியிருந்தது. மசோதா மீதான ஓட்டு அங்கே அன்று பிற்பகல்தான் நடந்தது, 218–214.

நண்பருக்கு எரிச்சல். பேசலாமா என்று கேட்பதற்கா ராத்திரி முழுக்க முழித்திருந்தார்கள்? நியாயமான கேள்வி. வழக்கமாகப் பதினைந்து நிமிடத்தில் முடிய வேண்டிய ஓட்டை அன்றைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் திறந்தே வைத்திருந்தார்கள். அதற்கு முன் நடந்த இன்னொரு நடைமுறை ஓட்டு ஏழு மணி நேரத்துக்கு மேல் இழுத்தது, அந்தச் சபையின் வரலாற்றிலேயே அதுதான் நீளமானது. இவ்வளவு பாடுபடுகிறார்கள் என்றால் அந்த அனுமதிக்குள் ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம். அது என்ன என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் அடிப்படை. அந்தச் சபையில் 435 பேர். ஒரு திருத்தத்தின் மீது ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசினால்கூட 36 மணி நேரம் ஆகும், அதுவும் ஒரே ஒரு திருத்தத்துக்கு. மசோதாக்களோ ஒவ்வொரு காங்கிரஸிலும், அதாவது ஒவ்வொரு இரண்டு ஆண்டுப் பதவிக்காலத்திலும், ஆயிரக்கணக்கில் வருகின்றன. அதனால் முக்கியமான மசோதா ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு தீர்மானம் எழுதி, அதை முதலில் சபையில் நிறைவேற்றிவிட்டு, அது சொல்கிறபடி மசோதாவை விவாதிப்பது என்று ஒரு வழக்கம் வந்தது. அங்கே அதைச் சுருக்கமாக 'ரூல்' என்கிறார்கள். நாம் விதித் தீர்மானம் என்று வைத்துக்கொள்வோம். சபைக்கென்று நிரந்தர விதிகள் வேறு இருக்கின்றன. இது அந்த ஒரு மசோதாவுக்காக மட்டும் எழுதுகிற விதி, கல்யாணத்துக்குக் கல்யாணம் பந்தல் போடுவது மாதிரி.

பெரும்பாலும் ஒரு பக்கம், இரண்டு பக்கம்தான் இருக்கும். வரிசையில் எங்கோ கிடக்கிற இந்த மசோதாவை இப்போதே எடுக்கலாம் என்று அது சொல்லும். இடுகிறவள் தன்னவளானால் அடிப்பந்தியில் இருந்தால் என்ன, கடைப்பந்தியில் இருந்தால் என்ன என்பார்களே, அதே கதைதான். அப்புறம் விவாதத்துக்கு எவ்வளவு நேரம் என்று சொல்லும், வழக்கமாக ஒரு மணி நேரம், இரண்டு கட்சிக்கும் பாதிப் பாதி. மசோதாவுக்கு எதிராக யாரும் ஒழுங்குப் பிரச்சினை, அதாவது சபை விதி மீறப்படுகிறது என்ற ஆட்சேபம், கிளப்பக் கூடாது என்றும் ஒரு வரி இருக்கும். மசோதா வெளியாகி இத்தனை நேரம் கழித்துத்தான் ஓட்டுக்கு வர வேண்டும் என்று நிரந்தர விதி சொல்கிறதா, அந்த விதி இதற்குப் பொருந்தாது என்று ஒரே வரியில் ஓரம் கட்டிவிடலாம்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. எந்தத் திருத்தங்களைச் சபையில் முன்வைக்கலாம் என்பதையும் அந்தக் காகிதமே முடிவு செய்கிறது. உண்மையான விளையாட்டு இங்கேதான். யார் வேண்டுமானாலும் திருத்தம் கொண்டு வரலாம் என்றால் அது திறந்த விதி. இந்த இன்ன திருத்தங்கள் மட்டும், இந்த வரிசையில், ஒவ்வொன்றுக்கும் இத்தனை நிமிடம் என்று பட்டியல் போட்டால் கட்டமைத்த விதி. ஒரு திருத்தமும் கிடையாது, இருக்கிறபடி எடுத்துக்கொள் அல்லது விடு என்றால் மூடிய விதி. திறந்த விதி இப்போது அநேகமாக வழக்கொழிந்துவிட்டது.

கொஞ்சம் நிறுத்தி யோசித்துப் பாருங்கள். ஒரு மசோதா வருகிறது. அதில் ஒரு பிரிவை நீக்க வேண்டும் என்று ஒருவர் திருத்தம் வைத்திருக்கிறார். சபையில் ஓட்டுக்கு விட்டால் இரண்டு கட்சியிலிருந்தும் ஆள் சேர்ந்து 250 ஓட்டு விழும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் விதித் தீர்மானத்தின் பட்டியலில் அந்தத் திருத்தம் இல்லை. அவ்வளவுதான், முடிந்தது. அதை யாரும் தோற்கடிக்கவில்லை, எதிர்த்து ஓட்டுப் போட்டதாக யார் பெயரும் பதிவாகவில்லை, அது வரவே இல்லை. மிச்சிகனிலிருந்து 59 ஆண்டு இந்தச் சபையில் உட்கார்ந்திருந்த ஜான் டிங்கெல், மசோதாவின் உள்ளடக்கத்தை நீ எழுதிக்கொள், நடைமுறையை என்னிடம் விடு, ஒவ்வொரு தடவையும் உன்னைக் கவிழ்த்துவிடுகிறேன் என்கிற அர்த்தத்தில் சொன்னது இதைத்தான். அவர் பயன்படுத்திய வார்த்தை இதைவிடக் காரமானது.

சரி, இந்தக் காகிதத்தை எழுதுவது யார்? விதிகள் குழு, அதாவது ரூல்ஸ் கமிட்டி. காங்கிரஸ் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ஒரு சின்ன அறையில் கூடுகிறது, பல நேரம் ராத்திரியில். திருத்தம் கொடுத்த உறுப்பினர்கள் அங்கே வந்து மேசைக்கு எதிரே உட்கார்ந்து, ஐயா என் திருத்தத்தையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்வார்கள். தன் தொகுதியில் பெரிய ஆளாக வலம் வருகிறவர் அங்கே மனு கொடுக்க வந்தவர் மாதிரி காத்திருப்பதைப் பார்க்கலாம். குழுவில் 13 பேர். பெரும்பான்மைக் கட்சிக்கு 9, எதிர்த் தரப்புக்கு 4. பெரும்பாலான குழுக்களில் சபையின் பலத்தை ஒட்டித்தான் இடம் பிரிப்பார்கள். இங்கே அப்படியில்லை. 2024 தேர்தலில் குடியரசுக் கட்சி 220–215 என்று மயிரிழையில்தான் ஜெயித்தது, குழுவில் அதே 9–4 தான். ஜனநாயகக் கட்சி ஆண்டபோதும் 9–4 தான். பெரும்பான்மைக் கட்சியின் ஒன்பது பேரும் பெரும்பாலும் சபாநாயகருக்கு வேண்டியவர்களாகவே இருப்பார்கள், அதனால் அநேகமாகச் சபாநாயகர் நினைத்தது நடக்கும்.

குழுவில் தயாரான தீர்மானம் சபைக்கு வருகிறது. இங்கே ஒரு சடங்கு நடக்கும், பார்க்க வேடிக்கையாக இருக்கும். பெரும்பான்மைக் கட்சி சார்பில் குழு உறுப்பினர் ஒருவருக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும். அவர் அதில் பாதியை, அதாவது 30 நிமிடத்தை, எதிர்த் தரப்புக்குக் கொடுப்பார், "விவாதத்துக்காக மட்டும்" என்ற நிபந்தனையோடு. அந்த நிபந்தனையால் அவர்கள் பேசலாம், ஆனால் தீர்மானத்தைத் திருத்தக் கோர முடியாது. பேசி முடிந்ததும் விவாதத்தை முடித்துக்கொள்ளலாமா என்று முதலில் ஓர் ஓட்டு. அதில் பெரும்பான்மைக் கட்சி தோற்றால் அடுத்த ஒரு மணி நேரம் எதிர்த் தரப்பின் கைக்குப் போய்விடும், அவர்கள் தீர்மானத்தையே மாற்றி எழுதலாம். அதனால் அந்த ஓட்டில் தோற்பதே கிடையாது என்று சொல்லலாம். அதற்கப்புறம் தீர்மானத்தின் மீதே ஓட்டு. உறுப்பினர்கள் அட்டையைச் செருகிப் பொத்தானை அழுத்துவார்கள், சுவரில் பெயருக்குப் பக்கத்தில் பச்சை அல்லது சிவப்பு விளக்கு எரியும். ஒரு கட்சி முழுக்கப் பச்சை, இன்னொரு கட்சி முழுக்கச் சிவப்பு.

ஏன் இப்படிக் கோடு கிழித்தது மாதிரி பிரிகிறார்கள்? நம் ஊர் மாதிரி அங்கே கட்சித் தாவல் தடைச் சட்டம் கிடையாது. கொறடா சொன்னதை மீறினால் பதவி போகாது. மசோதாக்களில் கட்சி மாறி ஓட்டுப் போடுவது அங்கே சகஜம், அப்படிப் போடுகிறவர்களைத் தலைமையும் பல நேரம் கண்டுகொள்ளாது, உன் தொகுதியில் நீ ஜெயிக்க வேண்டுமே, போ என்று விட்டுவிடும். ஆனால் விதித் தீர்மானத்தில் விட மாட்டார்கள். மசோதாவை எதிர்த்து ஓட்டுப் போட்டுக்கொள், விதிக்கு எதிராகப் போடாதே, இதுதான் எழுதாத ஒப்பந்தம். விதியில் தோற்றால் சபையின் சாவி கையை விட்டுப் போகிறது என்று பொருள். தலைமைக்கு அதைவிட அவமானம் வேறில்லை.

இதில் உறுப்பினருக்கும் ஒரு வசதி உண்டு, கொஞ்சம் கள்ளத்தனமான வசதி. தொகுதியில் ஒரு மசோதாவுக்குக் கடும் எதிர்ப்பு என்று வையுங்கள். அவர் விதித் தீர்மானத்துக்குப் பச்சை போடுவார், அதனால் மசோதா சபைக்கு வரும். அப்புறம் மசோதாவுக்குச் சிவப்பு போட்டுவிட்டு, பாருங்கள், நான் எதிர்த்தேன் என்று ஊரில் போய்ச் சொல்வார். அந்த முதல் பச்சை இல்லாமல் மசோதா வந்தே இருக்காது என்பதை யாரும் கேட்க மாட்டார்கள், ஏனென்றால் நடைமுறை ஓட்டைப் பற்றி உள்ளூர்ப் பத்திரிகையில் நாலு வரிகூட வராது.

எதிர்த் தரப்பிலும் இதே நாடகம் தலைகீழாக நடக்கும். மசோதா பிடித்திருந்தாலும் விதியை எதிர்த்தே ஓட்டுப் போடுவார்கள். இதற்கு 2023 மே 31 அன்று நடந்ததைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அரசின் கடன் உச்சவரம்பு பற்றிய மசோதா. பைடனும் சபாநாயகர் கெவின் மெக்கார்த்தியும் பேசி முடித்தது, நிறைவேறாவிட்டால் அரசாங்கம் கடன் கட்டத் தவறும் நிலை. விதித் தீர்மானம் ஓட்டுக்கு வந்தது. மெக்கார்த்தியின் குடியரசுக் கட்சியிலேயே 29 பேர் சிவப்பு போட்டுவிட்டார்கள். ஜனநாயகக் கட்சியினர் மசோதாவை ஆதரிக்கிறவர்கள்தான், ஆனால் விதியை நிறைவேற்றுவது உங்கள் வேலை, எங்கள் வேலை இல்லை என்று கையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். தீர்மானம் தோற்கப் போகிறது என்று தெரிந்த கட்டத்தில் அவர்கள் தலைவர் ஹக்கீம் ஜெஃப்ரிஸ் ஒரு பச்சை அட்டையைத் தூக்கிக் காட்டினார். அதுதான் சைகை. 52 ஜனநாயகக் கட்சியினர் பச்சைக்கு வந்தார்கள், 241–187 என்று தீர்மானம் பிழைத்தது. அன்று இரவே மசோதா 314–117 என்று நிறைவேறியது, அதில் ஜனநாயகக் கட்சியின் ஓட்டு 165. மசோதா வேண்டும் என்றவர்கள் 165 பேர், அதை விவாதிக்கலாம் என்றவர்கள் 52 பேர். விஷயம் தெரியாமல் பார்த்தால் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும்.

இன்னொரு சங்கதி. விதித் தீர்மானத்துக்குள் மசோதாவுக்குச் சம்பந்தமே இல்லாத சமாச்சாரங்களையும் ஒளித்து வைக்கலாம். எனக்கு மிகவும் 'பிடித்த' உதாரணம் 2025 மார்ச்சில் நடந்தது. பிப்ரவரி 1 அன்று டிரம்ப் அவசரநிலை அறிவித்து இறக்குமதி வரி போட்டிருந்தார். 1976-ஆம் ஆண்டின் தேசிய அவசரநிலைச் சட்டப்படி, அந்த அவசரநிலையை முடிக்கச் சொல்லி எந்த உறுப்பினரும் தீர்மானம் கொண்டு வரலாம், குழு 15 நாட்காட்டி நாளுக்குள் அதைக் கவனித்தாக வேண்டும், இல்லாவிட்டால் சபையில் ஓட்டுக்குக் கொண்டு வரச் சொல்லி வற்புறுத்தலாம். தலைமைக்கு அந்த ஓட்டு வேண்டாம், தன் ஆட்களே மாட்டிக்கொள்வார்கள். என்ன செய்தார்கள் தெரியுமா? அரசுச் செலவுக்கான மசோதாவின் விதித் தீர்மானத்தில் ஒரு வரி சேர்த்தார்கள்: இந்தக் காங்கிரஸின் முதல் கூட்டத்தொடரில் மீதமுள்ள நாட்கள், அந்தச் சட்டப் பிரிவுக்காக, நாட்காட்டி நாட்களாகக் கணக்கில் வராது. சூரியன் உதிக்கும், மறையும், ஆனால் நாள் நகராது. 15 நாள் வரவே வராது. கட்சி வரிசை மாறாமல் ஓட்டுப் போட்டு அதை நிறைவேற்றினார்கள். பலர் அரசுச் செலவுக்குத்தான் வழி விடுகிறோம் என்ற கணக்கில் பொத்தானை அழுத்தியிருப்பார்கள் என்பது என் ஊகம்.

இது ஏதோ குடியரசுக் கட்சியின் தந்திரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரும்பான்மையில் இருக்கும்போது 'சபை ஒழுங்காக நடக்க வேண்டாமா' என்பதும், எதிர்த் தரப்பில் உட்கார்ந்ததும் 'வாய்ப்பூட்டு' என்று கத்துவதும் இரண்டு கட்சிக்கும் பொது. தேர்தல் முடிந்ததும் நாற்காலியோடு பேச்சுக் காகிதத்தையும் மாற்றிக்கொள்கிறார்களோ என்று தோன்றும். என்னைக் கேட்டால் நேரக் கட்டுப்பாடு தவிர்க்க முடியாதது, 435 பேரை வைத்துக்கொண்டு வேறு என்ன செய்வது. திருத்தங்களுக்குக் கதவைச் சாத்துவதுதான் எனக்கு ஒப்பவில்லை.

இந்த விதிகள் குழு எப்போதும் சபாநாயகருக்கு அடங்கியே இருந்தது என்றும் சொல்ல முடியாது. 1910 வரை சபாநாயகரே குழுத் தலைவர். ஜோசப் கேனன் என்று ஒருவர், அவர் வைத்ததுதான் சட்டம். 1910 மார்ச்சில் நெப்ராஸ்காவின் ஜார்ஜ் நாரிஸ் தலைமையில் சொந்தக் கட்சிக்காரர்களே எதிர்க்கட்சியோடு சேர்ந்து 191–156 என்று அவரைக் குழுவிலிருந்து இறக்கினார்கள். அதன் பலன் வேறு விதமாக முடிந்தது. சில பத்தாண்டுகளில் குழுவின் தலைவர்கள் தனி ஜமீன்தார்கள் ஆகிவிட்டார்கள். 1955-இல் தலைவரான வர்ஜீனியாவின் ஹோவர்டு ஸ்மித், கறுப்பின மக்களுக்கான உரிமைச் சட்டங்கள் எதுவும் பிடிக்காதவர். அவருக்கு ஒரு மசோதா பிடிக்கவில்லை என்றால் எதிர்த்துப் பேச மாட்டார், குழுவைக் கூட்ட மாட்டார். பண்ணையில் களஞ்சியம் எரிந்துவிட்டது, போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்லி ஊருக்குப் போய்விட்ட கதையை இன்றும் சொல்கிறார்கள். தலைவர் இல்லை, கூட்டம் இல்லை, விதி இல்லை, மசோதா அப்படியே கிடக்கும். 1961 ஜனவரி 31 அன்று சபாநாயகர் சாம் ரேபர்ன் குழுவை 12 பேரிலிருந்து 15 ஆக்கி ஸ்மித்தின் பிடியைத் தளர்த்தினார். 217–212. அதிபர் கென்னடி பதவியேற்று பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. 22 குடியரசுக் கட்சியினர் கை கொடுத்திருக்காவிட்டால் அதுவும் நடந்திருக்காது, ரேபர்னின் ஜனநாயகக் கட்சியின் தெற்கத்தி ஆட்கள் பலர் ஸ்மித் பக்கம் நின்றார்கள். 1970களில்தான் தன் கட்சி உறுப்பினர்களைக் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் சபாநாயகருக்கு வந்து, இன்றைக்கு நாம் பார்க்கிற வடிவம் உருவானது.

அதற்கப்புறம் விதித் தீர்மானம் தோற்பது அபூர்வமாகிவிட்டது. 2002 நவம்பருக்குப் பிறகு இருபது ஆண்டுக்கு மேல் ஒன்றுகூடத் தோற்கவில்லை. 2023 ஜூன் 6 அன்று அந்தக் கணக்கு உடைந்தது, 206–220. என்ன மசோதா? கேஸ் அடுப்புகளுக்குத் தடை வரக் கூடாது என்பது அதில் முக்கியமானது. தோற்கடித்த குடியரசுக் கட்சிக் கலகக்காரர்களுக்குக் கேஸ் அடுப்பு மீது கோபம் இல்லை, அந்த மசோதாவை ஆதரிக்கிறவர்கள்தான் அவர்கள். முந்தைய வாரம் கடன் உச்சவரம்பில் மெக்கார்த்தி விட்டுக்கொடுத்தது பிடிக்காமல், கையில் சிக்கிய விதியைப் போட்டு உடைத்தார்கள். மாமியார் மீது கோபம், பாத்திரம் உடைந்தது. ஒரு தடவை ருசி கண்டதும் அது ஆயுதமாகிவிட்டது. அந்த இரண்டு ஆண்டுக் காங்கிரஸில் மொத்தம் ஏழு விதித் தீர்மானங்கள் தோற்றன.

2025 ஏப்ரல் 1 அன்றும் ஒன்று தோற்றது. அது வேறு மாதிரிக் கதை. குழந்தை பெற்ற உறுப்பினர்கள் சபைக்கு வராமல் இன்னொருவர் மூலம் ஓட்டுப் போட அனுமதி வேண்டும் என்று குடியரசுக் கட்சியின் அன்னா பவ்லினா லூனாவும் ஜனநாயகக் கட்சியின் பிரிட்டனி பீட்டர்சனும் கேட்டார்கள். தலைமை மறுத்தது. 218 பேர் கையெழுத்துப் போட்டால் தலைமையைத் தாண்டி ஒன்றைச் சபைக்குக் கொண்டு வரலாம் என்று ஒரு வழி உண்டு, அந்தக் கையெழுத்தும் சேர்ந்துவிட்டது. உடனே தலைமை, வேறு மசோதாக்களுக்கான விதித் தீர்மானத்துக்குள் இந்த முயற்சியைக் கொல்லும் வரியைச் சொருகியது. ஒன்பது குடியரசுக் கட்சியினர் எதிர்த் தரப்போடு சேர, 206–222. அந்த வாரத்தின் மீதி ஓட்டுகளை ரத்து செய்து எல்லோரையும் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

விதி நிறைவேறாது என்று பயந்தால் தலைமைக்கு மாற்று வழியும் இருக்கிறது. சபை விதிகளை நிறுத்திவைத்து ஒரு மசோதாவை நேராக ஓட்டுக்கு விடலாம், 40 நிமிட விவாதம், திருத்தம் கிடையாது. ஆனால் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். தபால் நிலையத்துக்குப் பெயர் வைக்கிற மாதிரி யாரும் சண்டை போடாத மசோதாக்களுக்கான பாதை அது. இப்போது தலைமை தன் கட்சிக்காரர்களுக்குப் பயந்து பெரிய மசோதாக்களையும் அந்தப் பாதையில் தள்ளிவிடுவதைப் பார்க்க முடிகிறது. காங்கிரஸின் இன்னொரு அவையான செனட்டில் இப்படி ஒரு குழு கிடையாது, அங்கே விவாதத்தை முடிப்பதற்கே பெரும்பாலும் 60 ஓட்டு வேண்டும், அது தனிக் கதை.

மறுபடி அந்த ஜூலை 3-க்கு வருவோம். விதித் தீர்மானம் விவாத நேரத்தை இறுக்கிக் கட்டியிருந்தது. ஆனால் கட்சித் தலைவர்களுக்குக் கொடுக்கிற 'ஒரு நிமிடம்' எவ்வளவு நேரமும் ஓடலாம் என்பது அங்கே பழைய வழக்கம், எந்த விதித் தீர்மானமும் அதைத் தொடுவதில்லை. ஜெஃப்ரிஸ் எழுந்து அந்த ஒரு நிமிடத்தில் 8 மணி 44 நிமிடம் பேசினார். சாதனைதான். நண்பர் அதையும் சாயங்காலம் வந்து கொஞ்சம் பார்த்துவிட்டு, "இவர் பேசினா ஓட்டு மாறுமா?" என்றார். மாறாது என்று எல்லோருக்கும், பேசுகிறவருக்கும் தெரியும். மாறியிருக்க வேண்டிய ஓட்டு விடிகாலையிலேயே முடிந்துவிட்டது.

நீங்களே பார்க்க ஆசைப்பட்டால் வழி சுலபம். சபையின் ஓட்டுப் பதிவுகள் இணையத்தில் பெயர் வாரியாக இருக்கின்றன. எண்ணுக்கு முன்னால் 'ஹெச்.ஆர்.' என்று இருந்தால் அது மசோதா. 'ஹெச்.ரெஸ்.' என்று இருந்து, ஏதோ மசோதாவை 'எடுத்துக்கொள்வதற்கு வகை செய்யும்' தீர்மானம் என்று தலைப்பு இருந்தால் அதுதான் நாம் பேசிக்கொண்டிருப்பது. இரண்டையும் இரண்டு ஜன்னலில் திறந்து வைத்து, மசோதாவுக்குச் சிவப்பு போட்ட பெயர்களை விதித் தீர்மானத்தின் பட்டியலில் தேடிப் பாருங்கள், எத்தனை பேர் அங்கே பச்சையில் இருக்கிறார்கள் என்று.